படியாத புஸ்தகங்கள்

புஸ்தகத்துக்கு நம் ஜனங்கள் செய்கிற மரியாதைக்கு எந்தக் குறைவும் கிடையாது. தெரியாமல் கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறார்கள். வருஷத்துக்கு ஒருநாள் மனைப் பலகையில் அடுக்கி வைத்து, சந்தனம் தெளித்து, குங்குமம் இட்டு, பூ வைத்து, பொரிகடலை படைத்துக் கும்பிடுகிறார்கள். ஆனால் அந்த ஒருநாள் மாத்திரம் அதைத் திறந்து ஒரு வரிகூடப் படிக்கக்கூடாதாம். படித்தால் கலைமகளுக்குக் கோபம் வந்துவிடுமாம். அடுப்புக்குப் பூஜை போடுகிற நாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்று யாராவது சொன்னால் நம் தாய்மார்கள் ஒப்புவார்களா? அப்புறம் சுண்டல் எதில் வேகும்? வயிற்றுக்கு வேண்டிய சாமானுக்குச் செய்யாத மரியாதையை அறிவுக்கு வேண்டிய சாமானுக்கு மாத்திரம் செய்கிறோம். அந்த மரியாதைக்கு மூடி வைப்பது என்றுதான் அர்த்தம்.

இந்தப் பூஜையைப் பற்றி இம்மாதிரிப் பத்திரிகைகளில் வேண்டிய மட்டும் எழுதியாய்விட்டது. ஆதலால் அதை நான் இங்கு மேலும் வளர்த்தப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. பூஜையையும் பொரிகடலையையும் விட்டுவிட்ட நம் தோழர்கள் வீடுகளிலேயே வேறொரு புஸ்தக பூஜை நடந்து வருகின்றது. அதில் சந்தனமில்லை, குங்குமமில்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இருக்கின்றது. புஸ்தகக் கண்காட்சி என்று கேள்விப்பட்டால் போதும், நமது தோழர் இரண்டு பையோடு புறப்பட்டுவிடுகிறார். சென்னையில் 1977 முதல் நடந்துவருகிற கண்காட்சி போதாதென்று இப்பொழுது ஜில்லாத் தலைநகரங்களிலும் நடக்கின்றது. நல்ல காரியந்தான், வேண்டாமென்று யார் சொன்னது? பை நிறைய வருகிறது, மேஜையில் அடுக்கப்படுகிறது, கைப்பேசியில் போட்டோ பிடிக்கப்படுகிறது, நாலுபேருக்கு அனுப்பப்படுகிறது. பிறகு அலமாரிக்குள் போய்க் கதவு சாத்தப்படுகிறது. அடுத்த வருஷம் மறுபடியும் இரண்டு பை. போன வருஷத்துப் பை இன்னும் அவிழ்க்கப்படவில்லையே என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்டால், "அதெல்லாம் படிக்கத்தான் வைத்திருக்கிறேன்" என்பது பதில்.

இது நம் ஊர் வியாதி மாத்திரமல்ல. ஜப்பானியர் இதற்கென்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். வாங்கி வாங்கிப் படிக்காமல் குவித்து வைப்பதற்கு அவர்கள் பாஷையில் "சுண்டோகு" என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு முதலே அந்த வார்த்தை வழங்குகிறது. அதற்கும் வெகுகாலம் முன்பு, சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன், ரோமாபுரியில் இருந்த செனேகா என்கிற அறிஞர், ஆயுள் முழுதும் செலவிட்டாலும் தலைப்புகளைக்கூடப் படித்து முடிக்க முடியாதபடி சிலர் புஸ்தகம் சேர்ப்பதைப் பார்த்துக் கேலி செய்தார். குளிக்கும் அறையைப்போலப் புஸ்தக அலமாரியும் பணக்காரன் வீட்டு அலங்காரமாய்ப் போய்விட்டதே என்பது அவருடைய வருத்தம். இதற்கு நேர்விரோதமாக, அதே இத்தாலி தேசத்தில், 2016ல் காலமான உம்பர்ட்டோ எக்கோ என்னும் எழுத்தாளர் தம் வீட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட புஸ்தகங்களை வைத்திருந்தார். வருகிறவர்களெல்லாம் "இவ்வளவும் படித்தாய்விட்டதா?" என்று கேட்பதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு. படித்து முடித்ததை அடுக்கி வைப்பதற்கா அலமாரி? இனிப் படிக்கவேண்டியதற்கும், தேவைப்பட்டபொழுது எடுத்துப் பார்ப்பதற்கும் அல்லவா அது என்பது அவர் கட்சி.

இருவரில் யார் சொல்வது சரி? என் அபிப்பிராயம், குவியல் குற்றமல்ல என்பதே. எக்கோவின் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் எக்கோ அவற்றை எடுத்துப் பார்த்தார், அவற்றைக்கொண்டு எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் பம்பாய் தாதரில் கட்டிய ராஜகிருகம் என்ற வீட்டைப் புஸ்தகத்துக்காகவே கட்டினார் என்பார்கள். அந்தப் புஸ்தகங்களிலிருந்து என்னென்ன வெளியே வந்தன என்பதை உலகம் அறியும். ஆகவே எத்தனை இருக்கின்றன என்பதல்ல கேள்வி. உள்ளே போனது வெளியே வருகிறதா, வருமானால் எந்த வழியாக வருகிறது என்பதே கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உழைத்துச் சம்பாதிக்கிற ஒருவர் தினம் 20 பக்கம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 7,300 பக்கம். புஸ்தகம் ஒன்றுக்கு 300 பக்கம் என்றால் 24 புஸ்தகம். இப்படி ஒருநாள்கூடத் தவறாமல், காய்ச்சல் வந்த நாளும் கல்யாண நாளும் விடாமல் நாற்பது வருஷம் படித்தால் மொத்தம் ஆயிரம் புஸ்தகம்கூட ஆகவில்லை. 973தான். வருஷம் அறுபது வாங்குகிறவர் ஒவ்வொரு வருஷமும் 36 புஸ்தகம் கடன்படுகிறார். லேவாதேவிக்காரனிடம் பட்ட கடனையாவது ஒருநாள் அடைக்கலாம்; இந்தக் கடனை அடைக்க எந்த ஜன்மமும் வராது. மறுபிறப்பு உண்டு என்கிறவர்கள் வேண்டுமானால் அடுத்த பிறவிக்கு ஒத்திப் போடட்டும். நமக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஆதலால் எதை முன்னே படிப்பது, எதைப் பின்னே படிப்பது, எதை நாம் படிக்கவே போவதில்லை என்று தீர்மானம் செய்தாக வேண்டும்.

இப்படிப் பிறருக்குப் புத்தி சொல்லுகிறவன் என்ன படிக்கிறான் என்று கேட்பது நியாயமே. தற்சமயம் என் கையில் மூன்று புஸ்தகங்கள் நடக்கின்றன.

முதலாவது, டார்வின் 1859ல் வெளியிட்ட, உயிர்வகைகளின் தோற்றத்தைப் பற்றிய புஸ்தகம். மேடையில் டார்வின் பெயரைச் சொல்லாத பகுத்தறிவாளர் யார்? குரங்கிலிருந்து மனிதன் என்ற ஒரு வார்த்தையோடு அவரை முடித்துவிடுகிறோம். புஸ்தகத்தைத் திறந்தால் முதல் அத்தியாயத்தில் குரங்கைக் காணோம். புறா வருகிறது! பக்கம் பக்கமாகப் புறா. டார்வின் தாமே புறா வளர்த்தார். லண்டனில் புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்து, பெரிய படிப்பில்லாத அந்த மனிதர்களோடு உட்கார்ந்து பேசிக் கற்றுக்கொண்டார். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வெள்ளிக்கிழமை தோறும் இதை இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லி வருகிறேன். கேட்க வருகிறவர்களில் மாடியில் கூண்டு வைத்துப் புறா வளர்க்கிற ஒரு தோழர் இருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். விசிறி போல வால் விரிக்கிறது, கழுத்துப் பையை ஊதிக்கொள்ளுகிறது, ஆகாயத்தில் கர்ணம் அடிக்கிறது எல்லாமே மாடப்புறா ஒன்றிலிருந்து, மனிதன் தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி எடுத்து வளர்த்ததால் வந்தவை என்று டார்வின் சொல்வதை நான் படித்தபொழுது, அவர் எழுந்து, "இதில் என்னங்க அதிசயம்? நல்லா கர்ணம் போடுற சோடியை மட்டும் சேர்த்தா, நாலாவது ஈத்துல குஞ்சு தானா போடும். போடாததைக் குழம்பு வச்சுருவோம்" என்றார். சபை முழுதும் சிரித்தது. அந்த அத்தியாயத்துக்கு இதைவிடத் தெளிவான உரையை நான் வேறெங்கும் கண்டதில்லை. மனிதன் கையால் சில வருஷங்களில் நடப்பது, இயற்கையில் லக்ஷக்கணக்கான வருஷங்களில் தானே நடந்தால் என்ன ஆகும் என்ற அடுத்த கேள்விக்கு அவரே வந்து சேர்ந்துவிட்டார். அலமாரியில் இருந்திருந்தால் அந்தப் புஸ்தகத்துக்கு இந்த யோக்கியமான வாசகர் கிடைத்திருப்பாரா?

இரண்டாவது, அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய "தமிழன்" பத்திரிகையிலிருந்து தொகுத்த கட்டுரைகள். 1907ல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற பெயரோடு ஒரு பைசா விலைக்குத் தொடங்கிய வாரப்பத்திரிகை அது. பண்டிதர் 1914ல் காலமானார். அதன் பிறகு அவரை ஏறக்குறைய மறந்தே போய்விட்டோம். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999ல் பாளையங்கோட்டையிலிருந்து அச்சாகி வந்தபிறகே பெரும்பாலோருக்கு அப்படி ஒருவர் இருந்த சங்கதி தெரிந்தது. எண்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பழைய இதழ்கள் எங்கே இருந்தன? அவரை மதித்த சில குடும்பங்கள் கட்டி வைத்திருந்ததால் பிழைத்தன. கறையான் அரிக்காமல், எடைக்குப் போடாமல், ஒரு வீட்டு மூலையில் ஒரு கட்டு இருந்ததால்தான் இன்றைக்கு நம் கைக்கு வந்தது. குவியல் குற்றமல்ல என்று மேலே சொன்னதற்கு இதுவே எனக்குப் பெரிய ஆதாரம்.

மூன்றாவது பெரியபுராணம். ஏன் சிரிக்கிறீர்கள்? நமக்கு விரோதமான புஸ்தகத்தை நாம் படிக்காமல் வேறு யார் படிப்பது? கும்பிடுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை; பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நாமும் படிக்காமல் திட்டினால் இருவருக்கும் என்ன வித்தியாசம்? சமீபத்தில் ஒரு கூட்டத்தில் ஒரு தோழர் நந்தன் கதையை எடுத்துக்கொண்டு, நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் நடவேண்டுமென்று சொன்ன அந்த வேதியரைப் பற்றிச் சேக்கிழாரைத் தாக்கித் தாக்கிப் பேசினார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு வயதான சைவர், "ஐயா, தாங்கள் சொல்லுகிற அந்த வேதியர் பெரியபுராணத்தில் எந்தப் பாட்டில் வருகிறார்?" என்று பணிவாய்க் கேட்டார். தோழருக்குப் பதில் இல்லை. இருக்காது. ஏனெனில் அந்த வேதியர் சேக்கிழாரிலேயே இல்லை. சேக்கிழார் திருநாளைப்போவாருக்குப் பாடியது 37 பாட்டு. பண்ணைக்கார வேதியர் என்கிற பாத்திரம், 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் வருகிறார்.

இதனால் சேக்கிழார் தப்பித்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு புலையனைக் கோயிலுக்குள் விடுவதற்கு முன்னால் நெருப்பில் இறக்கி, பூணூலோடு வெளியே வரவைத்து, அதன்பிறகே உள்ளே விட்ட கதை அந்த 37 பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வேதியரின் கொடுமை என்றால் ஒரு மனிதனின் கெட்ட குணம் என்று சொல்லித் தள்ளிவிடலாம். கடவுளே கனவில் வந்து நெருப்பில் இறங்கச் சொன்னான் என்பதைத் தள்ள முடியாது. புஸ்தகத்தைப் படித்திருந்தால் அந்தத் தோழருக்கு இதைவிடப் பலமான ஆயுதம் கையிலேயே கிடைத்திருக்கும். படியாததால் அன்றைக்குக் கூட்டம் சைவர் பக்கம் கைதட்டிவிட்டது. நம்முடைய பத்திரிகையையும் நம்முடைய துண்டுப் பிரசுரங்களையும் மாத்திரம் படித்துவிட்டு, மற்றதெல்லாம் குப்பை என்று இருக்கிறவருக்குப் பகுத்தறிவாளர் என்று பேர் எப்படிப் பொருந்தும்? அவரும் ஒரு பாராயணக்காரர்தான். பாராயணம் செய்கிற புஸ்தகம்தான் வேறு.

நிற்க. படிக்கக் காத்திருக்கிற குவியலைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அப்படி ஒரு குவியல் உண்டு. கட்டிலண்டையில் ஒரு மரப்பெட்டி மேல் அடுக்கியிருக்கிறது. வருஷா வருஷம் உயருகிறதே தவிரத் தாழுவதில்லை. அது போதாதென்று கைப்பேசிக்குள் வேறு. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழைய தமிழ் நூல்களை யாவருக்கும் இலவசமாய்க் கொடுத்து வருகிறார்கள். தமிழ் இணையக் கல்விக் கழகமும் ஏராளமாய் வைத்திருக்கிறது. ஒருகாலத்தில் ராஜாவுக்கும் மடாதிபதிக்கும் கிடைக்காத நூலகத்தை இன்றைக்கு மாடு மேய்க்கிற பையன் சட்டைப் பையில் வைத்திருக்கிறான் என்பது சாமானியமல்ல. ஆனால் பாரமில்லாத குவியலுக்கு ஒரு கெடுதல் உண்டு. கண்ணில் படாது. பெட்டிமேல் இருப்பதாவது ராத்திரி படுக்கப் போகும்போது முழங்கையில் இடித்து ஞாபகப்படுத்தும்.

புஸ்தகத்தைப் பூட்டி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கின்றது. உ. வே. சாமிநாதய்யர் ஏடு தேடி அலைந்ததை அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். நமக்கும் அவருக்கும் எத்தனையோ விஷயத்தில் அபிப்பிராய பேதம் உண்டு. அவர் பட்ட சிரமத்தில் பேதம் கிடையாது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் குவிந்து கிடந்தன என்று கேள்விப்பட்டு அங்கே போய் விசாரிக்கிறார். பழுதாய்ப்போன ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று ஆகமத்தில் இருப்பதால், அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாய்விட்டது என்று அங்கிருந்தவர் அமைதியாய்ச் சொல்லியனுப்பினார்! வேறு இடங்களில் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றிலே விட்டார்கள். இவ்வளவும் நடந்தது பகையாலல்ல, பக்தியால். ஏடு புனிதமானது, புனிதமானதைப் படிக்க எல்லோருக்கும் யோக்கியதை கிடையாது, யோக்கியதை உள்ளவனுக்கோ படிக்கத் தெரியாது, ஆகையால் நெருப்புக்குக் கொடு. எப்பேர்ப்பட்ட தர்க்கம் பாருங்கள்! அந்த நெய்யில் எரிந்து போனது எந்த நூல் என்று இன்றைக்கு ஒருவராலும் சொல்ல முடியாது.

ஐரோப்பாவிலும் ஒருகாலத்தில் மாதாகோவில்களில் புஸ்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு என்னும் ஊரில் இன்றைக்கும் அந்தச் சங்கிலிகளைப் பார்க்கலாம். கேட்பதற்குக் கொடுமையாய் இருக்கும். ஆனால் அவன் சங்கிலியை மேஜை வரைக்கும் எட்டுகிற நீளத்துக்குப் போட்டான். எடுத்து விரித்து அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்கு மாத்திரம் கொண்டுபோக முடியாது. நம் ஆகமத்தைவிட அந்தச் சங்கிலி எவ்வளவோ தேவலை.

இதற்கு நேர்மாறாகச் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். ராஜாவுமல்ல, மடாதிபதியுமல்ல. பழைய புஸ்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் வாங்கி வாங்கிச் சேர்த்தார். சுமார் ஒரு லக்ஷம். இவருக்குப் பைத்தியம் என்று ஊரில் நாலுபேர் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு அவர் வீடு திறந்திருந்தது. 1992ல் அவர் காலமானபிறகு, அமெரிக்காவிலுள்ள சிக்காகோ சர்வகலாசாலை அதை விலைக்கு வாங்கி, அமெரிக்காவுக்கு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே வைக்க ஏற்பாடு செய்தது. இன்றைக்குத் தமிழைப் பற்றி உருப்படியாய் ஆராய நினைக்கிறவர்கள் ரோஜா முத்தையா நூலகத்தின் படியை மிதிக்காமல் இருக்க முடியாது. அந்த ஒரு லக்ஷத்தையும் அவர் தாமே படித்திருக்க முடியுமா? மேலே போட்ட கணக்குப்படி அதற்கு நாலாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். தாம் படிப்பதற்கென்று மாத்திரம் அவர் சேர்க்கவில்லை.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். 1931ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாய் அனுப்பினார். வைக்கோல் ஏறின வண்டியில் புஸ்தகம் ஏறிற்று. படிக்கிறவன் பட்டணத்துக்கு வரமுடியாவிட்டால் புஸ்தகம் அவனிடம் போகட்டும் என்பதுதான் அதன் தாத்பர்யம். அதே 1931ல், சென்னை சர்வகலாசாலை நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று ஒரு புஸ்தகம் எழுதி வெளியிட்டார். புஸ்தகம் இருப்பது உபயோகத்துக்காக என்பது அதன் முதல் விதி. இதைக்கூட ஒரு விதியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால் அன்றைய நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். வாசகன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்கு வேண்டியது கிடைக்கவேண்டும் என்றும், புஸ்தகம் ஒவ்வொன்றும் அதற்கேற்ற வாசகனைப் போய்ச் சேரவேண்டும் என்றும் மற்றும் இரண்டு விதிகள் சொல்லுகின்றன. இந்த இரண்டாவது சங்கதியைத்தான் அலமாரிக்காரத் தோழர்கள் கவனிப்பதில்லை. தமக்குப் புஸ்தகம் வேண்டுமென்று நினைக்கிறார்களே தவிர, அந்தப் புஸ்தகத்துக்கு ஒரு ஆள் வேண்டுமென்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அப்படிப்பட்ட ஆள் எங்கேயிருக்கிறார் என்று கேட்பீர்கள். எங்கள் படிப்பகத்துக்கு எதிரே ஒரு நெல் அரைக்கும் மில் இருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஒரு பெண், மில் விட்டதும் முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்று நாங்கள் படிப்பதைக் கேட்பார். உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டார். ஒருநாள் அவராகவே, "அண்ணே, இதுல ஒண்ணை நான் வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா? அழுக்காக்க மாட்டேன்" என்று கேட்டார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கல்யாணமானபிறகு கையில் புஸ்தகம் தொட்டதில்லை. வீட்டில் படித்தால் "கலெக்டர் உத்தியோகத்துக்கா போகப் போறே?" என்று மாமியார் கேட்பாராம். பண்டிதரின் கட்டுரைத் தொகுதியில் ஒரு பாகத்தைக் கொடுத்தேன். இருபத்திரண்டாம் நாள் பாலிதீன் உறையில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தார். "எப்பொழுது படித்தீர்கள்?" என்றேன். "எல்லாரும் படுத்த பிறகு, தண்ணி வர்ற நேரத்துல. குழாயடியில குடம் ரொம்பற வரைக்கும் வெளக்கு எரியுமில்லண்ணே" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி இது: "இவரு அந்தக் காலத்துலயே இவ்வளவு எழுதியிருக்காரு. எங்க தாத்தாவுக்கு இதை யாரும் ஏன் படிச்சுக் காட்டலை?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பண்டிதர் யாருக்காக எழுதினாரோ அவர்களுடைய பேத்தி அவர். நூற்றுக்கு மேல் வருஷம் கழித்து, குழாயடி விளக்கில் அது அவர் கைக்குப் போய்ச் சேருகிறது. இதே தொகுதி நம் தோழர்களில் எத்தனைபேர் வீட்டு அலமாரியில் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒருவன் சாப்பிடாமல் பத்தாயத்தில் நெல்லைப் பூட்டி வைத்திருந்தால் பதுக்கல்காரன் என்று மேடையேறித் திட்டுகிறோம்.

இரவல் கொடுத்தால் திரும்பி வராதே என்பது வழக்கமான ஆட்சேபணை. வாஸ்தவந்தான், சிலது வராது. எங்கள் படிப்பகத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கொண்டுபோகிறவர் பேர், தேதி, புஸ்தகப் பேர் மூன்றையும் எழுதுகிறோம். திரும்பி வராதவர் பேர் சுவரில் ஒட்டப்படும் என்று முதலில் ஒரு தோழர் யோசனை சொன்னார். வேண்டாமென்று தள்ளிவிட்டோம். ஏழைகள்தான் அதற்குப் பயந்து வராமல் போய்விடுவார்கள். வசதியுள்ளவனுக்குச் சுவரும் ஒன்றுதான், நோட்டும் ஒன்றுதான். இதுவரை வராமல் போனவற்றில் பெரும்பாலானவை மில்லுக்கோ வயலுக்கோ போனவையல்ல. பட்டம் பெற்றவர்கள் வீட்டுக்குப் போனவை. அவர்களும் அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்கள் போலும்! கிழிந்து வருகிறதே என்று சிலருக்குக் கவலை. கிழிந்தால் பசை போட்டு ஒட்டுவோம். புஸ்தகம் கிழிவது அது வேலை செய்ததற்கு அடையாளம். மண்வெட்டி தேய்வதற்கு யாராவது வருத்தப்படுகிறார்களா?

சர்க்கார் நூலகத்தையும் நாம் விட்டுவிடக்கூடாது. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரிடமும் நூலகத்துக்கென்று தனியே வரி வசூலாகிறது. வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். கட்டுகிற வரிக்குக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் காலிக் குடத்தோடு மறியல் செய்கிறோம். கட்டுகிற நூலக வரிக்குப் புது புஸ்தகம் வராமல், பழைய தினசரியும் ஓட்டை ஒழுகுகிற கூரையுமாய்க் கிளை நூலகம் கிடந்தால், எந்தக் குடத்தோடு யார் மறியல் செய்தார்கள்? சென்னையில் 2010ல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023ல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டதில் நமக்கெல்லாம் பெருமைதான். மில்லில் வேலை செய்கிற பெண் எந்த ரெயிலேறி அங்கே போவார்? அவருக்கு வேண்டியது தெருமுனையில், மில் விடுகிற ஆறு மணிக்குப் பிறகும் திறந்திருக்கிற ஒரு அறை. கிளை நூலகத்தை மாலையில் கூடுதலாய் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கவேண்டுமென்று எங்கள் ஊரில் 140 பேர் கையெழுத்திட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். கையெழுத்திட்டவர்களில் 61 பேர் பெண்கள். பதில் இன்னும் வரவில்லை.

என் மரப்பெட்டிமேல் இருக்கிற குவியலை வகைபிரித்துப் பார்த்ததில், இந்த வருஷத்துக்குள் நான் தொடக்கூட முடியாது என்று தெரிந்தவை 38 தேறின. அவற்றை மாதாந்திரத் தவணை போல மாதத்துக்குப் பத்தாய்ப் படிப்பகத்துக்குக் கொண்டுபோகிறேன். எனக்கு வேண்டும்போது அங்கே போய் நோட்டில் பேர் எழுதி நானும் வாங்கிக்கொள்வேன். ராகுல சாங்கிருத்தியாயனின் "வால்காவிலிருந்து கங்கை வரை" போன வாரம் போயிற்று. அது இப்போது ஒரு சலூன்காரத் தோழரிடம் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் படிப்பதால் திரும்பிவர நாளாகும் என்று சொல்லியனுப்பினார். பண்டிதரின் அடுத்த பாகத்துக்கு மில்லிலிருந்து இரண்டுமுறை ஆள் வந்து கேட்டாய்விட்டது. அது என் கையில் இருக்கிறது, இன்னும் 90 பக்கம் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.